சேலத்துல டால்மேஷன் நாய்க்கு ஒரு கிளப் ஆரம்பிச்சா என்ன? பழைய கிளப்புங்க எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சவங்க வாங்க

அஸ்தம்பட்டிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன மே மாசம் ஏற்காடு கோடை விழா நாய் கண்காட்சிக்கு நம்ம பயல கூட்டிட்டுப் போயிருந்தேன், பேரு புள்ளி, ரெண்டரை வயசு, கருப்பு புள்ளி. மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு, எட்டாவதுல ஒரு தடவ வாந்தி, பதினாறாவதுல ஒரு தடவ, மேல போய் இறங்குறப்ப என் வெள்ளச் சட்டையும் அவன் மாதிரியே புள்ளி புள்ளியா ஆயிடுச்சு. அங்க பாத்தா என்னோட சேத்து மூணு டால்மேஷன். மூணு பேரும் சேலந்தான், ஒருத்தர் குகை, ஒருத்தர் கன்னங்குறிச்சி, ஆனா ஒருத்தர ஒருத்தர் அதுவரைக்கும் பாத்ததே இல்ல.

அன்னிக்கு கீழ இறங்குறப்ப தோணுனதுதான், ஏன் நமக்குன்னு ஒரு கிளப் இருக்கக்கூடாது? லாப்ரடாரு, ஜெர்மன் ஷெப்பர்டுக்கெல்லாம் ஆள் இருக்கு, நம்ம பசங்களுக்கு யாரும் இல்ல. இங்கிலாந்துல பாருங்க, நாடு முழுக்க ஒரே கிளப்போட நிக்காம வடக்குக்கு ஒண்ணு தெற்குக்கு ஒண்ணுன்னு வெச்சிருந்திருக்காங்க. அவங்க எப்படி ஆரம்பிச்சாங்க, எதுக்கு ஆரம்பிச்சாங்கன்னு தெரிஞ்சா நாமளும் அதே ரூட்ல போலாம்னு பாக்குறேன். மொத ஷோவ அடுத்த வருஷமே நடத்திடணும், கப்புக்கு ஸ்பான்சர் கூட ஒருத்தர் சொல்லியிருக்காரு.

அஞ்சுரோடு_மாப்ள

மூணு நாய்க்கு ஷோ வெச்சா மூணுக்கும் கப்பு. நல்ல திட்டம் தலைவா. தோத்துப்போற நாயே கெடையாது 😂

காபித்தோட்டம்

தம்பி, வயசான ஆளு சொல்றேன்னு நெனக்காதீங்க. நான் ஏற்காட்டு மலைல நாகலூர் பக்கம் தோட்டத்துலயே பொறந்து வளந்தவன், சின்ன வயசுல எங்க மேனேஜர் பங்களாவுல ஒரு புள்ளி நாய் இருந்துச்சு, கல்லீரல் கலர்ல புள்ளி, காபிக்கொட்டைய வறுத்து இறக்குற நேரத்து கலர்னு வெச்சுக்கங்க. அத யாரும் கட்டிப்போட்டு பாத்ததில்ல. ஜீப்பு கெளம்புற சத்தம் கேட்டா எங்கேருந்தோ வந்து பின்சக்கரத்துக்குப் பக்கத்துல சேந்துக்கும், லூப் ரோட்ல மைல் கணக்குல அப்படியே ஓடும், முந்தாது, பிந்தாது. யாரும் பழக்கிவிட்டதா எனக்கு ஞாபகம் இல்ல.

அப்பறந்தான் படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், அது அதோட ரத்தத்துல இருக்குற வேலை. இங்கிலாந்துல குதிரை வண்டி காலத்துல இதுக்கு பேரே வண்டி நாய்தான். 1790-ல தாமஸ் பெவிக்ங்கிறவரு நாலுகால் பிராணிங்கள பத்தி எழுதுன புஸ்தகத்துலயே டால்மேஷன் அல்லது வண்டி நாய்னு போட்டிருக்காரு. அச்சுக்குக் கீழயோ பின்சக்கரத்து ஓரமாவோ ஓடும், வண்டி நின்னா ராத்திரி குதிரைக்கும் பெட்டிக்கும் காவல். அமெரிக்காவுல தீயணைப்பு வண்டிய குதிரை இழுத்த காலத்துல அதுக்கு முன்னாடி ஓடுனதும் இதுதான்.

இப்ப கிளப் விஷயத்துக்கு வரேன். இங்கிலாந்துல நாய் இனங்கள பதிவு பண்ற கென்னல் கிளப் வந்தது 1873. வீரோ ஷாங்கிறவரு இந்த நாய் எப்படி இருக்கணும்னு மொதல்ல எழுதி வெச்சது 1882. 1890-ல டால்மேஷன் கிளப்னு ஒண்ணு இங்கிலாந்துல ஆரம்பிச்சாங்க. அது நல்லா வளரவேண்டிய நேரம் பாத்து ரெண்டு இடி. வெறிநாய்க்கடி பயத்துல நாய்ங்களுக்கு வாய்க்கூடு மாட்டணும்னு சட்டம் போட்டாங்க, வாய்க்கூடு மாட்டுன நாய் எங்க வண்டி பின்னாடி மூச்சு வாங்க ஓடும்? அடுத்து மோட்டார் வந்துச்சு, வண்டியே போச்சு. வண்டி போனா வண்டி நாய்க்கு என்ன வேலை? அந்த நேரத்துலதான் 1903-ல இங்கிலாந்து வடக்கத்திக்காரங்க தனியா ஒரு கிளப் போட்டாங்க. மொத உலகப்போர்ல நாய்க்கு சோறு போடவே ஆளில்லாம எண்ணிக்கை சுருங்கிப்போச்சு, போர் முடிஞ்சு 1925-ல தெற்கத்திக்காரங்க சதர்ன் டால்மேஷன் கிளப்னு ஆரம்பிச்சு, அதுதான் 1930-ல பிரிட்டிஷ் டால்மேஷன் கிளப்னு பேர் மாத்திக்கிச்சு.

வருஷத்த வரிசையா வெச்சு பாருங்க தம்பி. கப்பு குடுக்க ஆசைப்பட்டு வந்த கிளப்பா தெரியல எனக்கு. நாய் அத்துப்போயிரும்னு பயந்து வந்த கிளப்பா தெரியுது.

ராஜபாளையத்து_சிங்கம்

எல்லாம் சரி, ஒரு முக்கியமான விஷயத்த விட்டுட்டீங்களே. டால்மேஷனே நம்ம ராஜபாளையத்துலருந்து போனதுதான். வெள்ளக்காரன் இங்கேருந்து கொண்டுபோய் வளத்து அவன் பேர வெச்சுக்கிட்டான். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, வேட்டை புத்தி எல்லாம் அப்படியே ஒத்துப்போகுது. நீங்க வெளிநாட்டு நாய்க்கு கிளப் ஆரம்பிக்கிறதுக்கு பதிலா நம்ம நாய்க்கு ஆரம்பிங்க.

காபித்தோட்டம்

இத நானும் கேள்விப்பட்டிருக்கேன் சிங்கம். இதுக்கு ஒரு பழைய வேர் இருக்கு, பஃபோன்னு பிரெஞ்சு விஞ்ஞானி, 18-ம் நூற்றாண்டு, அவரு இந்த புள்ளி நாய்க்கு வங்காளத்து நாய்னு பேர் குடுத்தாரு. அதப் புடிச்சுக்கிட்டு நாய் இந்தியாவுலருந்து வந்ததுன்னு ரொம்ப காலம் பேசினாங்க. ஆனா அதே பெவிக் 1790-லயே பஃபோன் சொன்னது தப்புன்னு எழுதிட்டாரு. அதுக்கும் முன்னாடி குரோஷியாவுல ஜாக்கோவோ மறைமாவட்டத்து பிஷப் 1719-ல எழுதுன குறிப்புல லத்தீன்ல டால்மேஷியா நாய்னு இருக்கு. அட்ரியாடிக் கடலோரத்துல டால்மேஷியான்னு இடமே இருக்கு, பேரும் அங்கேருந்து வந்ததுதான். ராஜபாளையத்துலருந்து போனதுக்கு காட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல.

நம்ம நாய்க்கு கௌரவம் வேணும்னா அடுத்தவன் நாய்க்கு தாத்தான்னு சொல்லித்தான் வாங்கணுமா? 2005-ல இந்திய தபால் துறை நாலு நாய்க்கு ஸ்டாம்பு போட்டாங்க, அதுல ராஜபாளையம் ஒண்ணு. அது போதாதா.

ராஜபாளையத்து_சிங்கம்

ஸ்டாம்பு விஷயம் ஓகே ஐயா. மத்தது நான் ஒத்துக்கல. ஆனா சண்டைக்கு வரல.

நாமக்கல்_வெட்

நாமக்கல் காலேஜ்ல வெட்னரி படிக்கிறேன், ஃபைனல் இயர். சிங்கம் அண்ணா, ரெண்டு நாய்க்கும் ஒரு ஒத்துமை நெஜமாவே இருக்கு, ஆனா அது பெருமைப்படுற மாதிரி இல்ல. ரெண்டுலயும் காது கேக்காத குட்டிங்க பொறக்கும்.

டால்மேஷன் அடிப்படையில வெள்ளை நாய், அது மேல புள்ளி போடுற ஜீன் தனி. அதான் குட்டி பொறக்குறப்ப சுத்த வெள்ளையா இருந்து ரெண்டு வாரம் கழிச்சு புள்ளி எட்டிப்பாக்குது. அந்த வெள்ளைக்கு காரணம் நிறமி செல் உடம்பு முழுக்க போய் சேராததுதான். உள்காதுக்கும் அதே செல் வேணும், அது அங்க இல்லன்னா பொறந்து மூணு நாலு வாரத்துல காது செத்துரும், மறுபடி வராது. அமெரிக்காவுல டெஸ்ட் பண்ணி பாத்ததுல 100 குட்டிக்கு 8 குட்டிக்கு ரெண்டு காதும் கேக்கல, இன்னும் 22-க்கு ஒரு காது. மொத்தத்துல மூணுல ஒண்ணுன்னு சொல்ற அளவுக்கு கிட்ட வருது.

ரெண்டு காதும் போன குட்டிய எப்படியும் கண்டுபிடிச்சிரலாம். ஒரு காது மட்டும் போனதுதான் ஆபத்து, ஏன்னா அது சாதாரணமாத்தான் இருக்கும், நல்ல காத வெச்சு சமாளிச்சுக்கும், ஓனருக்கே தெரியாது, அத ப்ரீட் பண்ணுவாங்க, அடுத்த ஈத்துல செவிடு வர வாய்ப்பு ஜாஸ்தி. நிச்சயமா தெரிஞ்சுக்க ஒரே வழி பச்சக் கொழந்தைக்கு எடுக்குறாங்களே பெரா டெஸ்ட், சத்தம் காதுலருந்து மூளைக்குப் போகுதான்னு பாக்குறது, அதேதான் நாய்க்கும், தலைல ஊசி மாதிரி எலக்ட்ரோடு வெச்சு.

அஸ்தம்பட்டிக்காரன்

தம்பி பயமுறுத்தாதீங்க. என் பயலுக்கு நல்லாவே கேக்கும். பிஸ்கட் பாக்கெட் பிரிச்சா மாடியிலருந்து வருவான்.

நாமக்கல்_வெட்

அண்ணா தப்பா எடுத்துக்காதீங்க. எந்தப் பக்கம் நின்னு பிரிச்சீங்க? அவன் தூங்கறப்ப ஒரு காது தரைல அழுந்தி இருக்குற மாதிரி படுத்திருந்தா, மேல இருக்குற காதுக்குப் பக்கத்துல காத்து படாம, தரை அதிராம, மெதுவா சாவிக்கொத்த ஆட்டிப் பாருங்க. அப்பறம் மாத்திப் படுக்குறப்ப அந்தப் பக்கம். இது டெஸ்ட்டுக்கு ஈடு இல்ல, ஆனா ஒரு ஐடியா கெடைக்கும்.

குகை_பொண்ணு

நான்தான் அந்த குகைக்காரி, கண்காட்சில பாத்தோமே. காது விஷயம் இருக்கட்டும், கல்லு விஷயம் யாராவது பேசுங்க, நான் பட்ட பாடு வேற யாருக்கும் வரக்கூடாது.

எங்க ஜிம்மிக்கு நாலு வயசு. வீட்டுக்குப் பக்கத்துலயே கறிக்கடை, கடைக்கார அண்ணன் பாசமா தெனமும் ஈரல், மண்ணீரல், குடல்னு ஒரு கவர் குடுத்துருவாரு, நாங்களும் மஞ்சத்தூள் போட்டு வேக வெச்சு சோத்துல பெசஞ்சு போட்டுட்டு இருந்தோம். போன ஏப்ரல்ல, வெயில் கொளுத்துது, வாக்கிங் போறப்ப ஒவ்வொரு கம்பத்துலயும் கால தூக்கி தூக்கி நிக்கிறான், ரெண்டு சொட்டு வருது, நிக்குது. நாங்க அது எல்லை போடுறான்னு நெனச்சு சிரிச்சோம். மறுநாள் சாயங்காலம் வயிறு கல்லு மாதிரி, நடுங்குறான். ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்ல, கல்லு தெரியல, கிருமிதான்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. ராத்திரி வாந்தி எடுத்து மயங்கிட்டான். வேற எடத்துல தூக்கிட்டு ஓடி ஸ்கேன் பண்ணினா மூத்திரப்பை நெறைய மணலு, குழாய்ல நாலஞ்சு அடச்சிருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்தத ஒரு டப்பால குடுத்தாங்க, கடுகு சைஸ்ல இருந்து மிளகு சைஸ் வரைக்கும், பச்சையும் மஞ்சளும் கலந்த கலரு, வழவழன்னு. இன்னும் வெச்சிருக்கேன்.

எனக்கு வித்தவரு ஒரு வார்த்தை சொல்லல. அவருகிட்ட அப்பறமா கேட்டா, "ஆமாம்மா, இதோட அப்பனுக்கும் இருந்துச்சு"ன்னு சாதாரணமா சொல்றாரு!!

நாமக்கல்_வெட்

அக்கா, அது யூரேட் கல்லு. சாதா எக்ஸ்ரேல பெரும்பாலும் தெரியாது, ஸ்கேன்தான் காட்டும். மத்த பெரும்பாலான நாய்ங்களுக்கு யூரிக் ஆசிட்ட ஈரல் ஒடச்சு வேற பொருளா மாத்திரும், டால்மேஷனுக்கு ஒரு ஜீன்ல கோளாறு, அது ஈரலுக்குள்ளயே சரியா போகாது, அப்படியே மூத்திரத்துல வந்துரும். சுத்த டால்மேஷன் எல்லாத்துக்குமே இந்தக் கோளாறு இருக்கு, கல்லு கட்டுறது சிலதுக்குத்தான், அதுலயும் ஆண் நாய்க்கு குழாய் குறுகலா எலும்புக்குள்ள போறதால அடைச்சுக்கும். ஈரல், மண்ணீரல், மத்தி மீன் இதெல்லாம் இவங்களுக்கு எதிரி. தண்ணி நெறைய, சாப்பாட்டுலயே தண்ணி கலந்து, அடிக்கடி வெளிய விடணும். நம்ம சேலத்து வெயிலுக்கு இது ரொம்ப முக்கியம். கல்லு வந்ததுங்களுக்கு டாக்டருங்க குடுக்குற அலோபியூரினால் நம்ம தாத்தாங்க யூரிக் ஆசிட்டால வர்ற மூட்டுவாதத்துக்கு போடுற அதே மாத்திரைதான், ஆனா டாக்டர கேக்காம யாரும் குடுத்துராதீங்க.

இந்த விஷயத்துலதான் கிளப்புங்களோட மானமே போச்சு. 1973-ல ராபர்ட் ஷைபிள்னு அமெரிக்க மரபியல் டாக்டர், கோளாறு இல்லாத ஜீன கொண்டு வர, ஒரே ஒரு தடவ ஒரு பாயிண்டர்ங்கிற வேட்டை நாயோட டால்மேஷன சேத்தாரு, அப்பறம் வந்த குட்டிங்கள திரும்பத் திரும்ப டால்மேஷனோடயே சேத்துட்டு வந்தாரு. அஞ்சாவது தலைமுறைல 32-ல 31 பங்கு டால்மேஷன், மூத்திரம் மட்டும் சாதா நாய் மாதிரி. 1981-ல அமெரிக்கன் கென்னல் கிளப் அதுல ரெண்ட பதிவே பண்ணிட்டாங்க. 1905-லருந்து இருக்குற டால்மேஷன் கிளப் ஆஃப் அமெரிக்கா குதிச்சு எழுந்துருச்சு, ரத்தம் கெட்டுப்போச்சு, புள்ளி சின்னதா இருக்குன்னு. பதிவு நின்னுபோச்சு. மறுபடி கதவு தொறந்தது 2011-ல. பிரிட்டன்ல 2010.

அஞ்சுரோடு_மாப்ள

32-ல ஒரு பங்குக்கு 30 வருஷ சண்டையா. எங்க ஊர்ல பங்காளிங்களே இதவிட சீக்கிரம் சமாதானம் ஆயிடுவாங்க.

அஸ்தம்பட்டிக்காரன்

இல்ல மாப்ள, அவங்க பக்கமும் நியாயம் இருக்குல்ல? இன்னிக்கு பாயிண்டர சேப்பாங்க, நாளைக்கு வேற ஒண்ண. சுத்தம்னு ஒரு கோடு வேணும்ல. அதுக்குத்தான கிளப்பே.

குகை_பொண்ணு

அந்த கோட்டுக்கு உள்ள நிக்கிற என் நாய்க்குத்தான் அண்ணா கல்லு வந்துச்சு.

காபித்தோட்டம்

பொண்ணு சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன், வெட் தம்பி சொல்லாம விட்டது. சில குட்டிங்க பொறக்குறப்பவே காதுலயோ கண்ணச் சுத்தியோ பட்டையா ஒரு கருப்புத் திட்டோட பொறக்கும். புள்ளி அப்பறமா வர்றது, பட்டை பொறக்குறப்பவே இருக்கும், தொட்டா வெல்வெட் துணி மாதிரி, நடுவுல ஒரு வெள்ளமுடி இருக்காது. அத ஷோல ஏத்த மாட்டாங்க, குறைன்னு ஒதுக்கிருவாங்க. அந்த பட்டை குட்டிங்களுக்குத்தான் செவிடு கம்மி! நிறமி நெறைய இருக்குதுல்ல. அப்போ கிளப்புக்காரங்க அழகுன்னு எழுதி வெச்ச விதியே காது நல்லா இருக்குறத வெளிய தள்ளுது.

கிளப்புன்னா தப்புன்னு நான் சொல்லல. இதே மாதிரி கிளப்புங்கதான் காது டெஸ்டுக்கு காசு சேத்தாங்க, ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுத்தாங்க. 1996-ல 101 டால்மேஷன்ஸ்னு அந்த புள்ளி நாய் சினிமா வந்தப்ப அமெரிக்காவுல ஆளாளுக்கு குட்டி வாங்கி, ஒரு வருஷம் கழிச்சு இது ஓடிக்கிட்டே இருக்கு, வீட்ட ஒடைக்குதுன்னு கொண்டுபோய் ஷெல்டர்ல தள்ளினாங்க, அப்ப கிளப்புக்காரங்கதான் எடுத்து வீடு பாத்து குடுத்தாங்க. நம்ம ஊர்ல ஹட்ச் செல்போன் விளம்பரத்துல பக் நாய் வந்தப்ப என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

அஞ்சுரோடு_மாப்ள

எங்க பெரியப்பா வீட்டு பக்குக்கு இன்னும் அந்த விளம்பரத்து பேருதான். குறட்டை சத்தம் ஜங்ஷன் வரைக்கும் கேக்கும்.

கன்னங்குறிச்சி_ஏரிக்கரை

மூணாவது டால்மேஷன் ஓனர் ஆஜர். லேட்டா வந்தாலும் எல்லாத்தையும் படிச்சேன். சங்கமா பதிவு பண்ணனும்னா 1975 சங்கப் பதிவு சட்டம், கொறஞ்சது ஏழு பேர் வேணும், மாவட்டப் பதிவாளர் ஆபீஸ். நாம மூணு பேரு. குட்டி எடுத்து விக்கிறவங்க சேந்தா அவங்களுக்கு 2017 விதி இருக்கு, மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு, எட்டு வாரத்துக்கு முன்னாடி குட்டிய விக்கக்கூடாது. ஷோ நடத்துறது அதுக்கும் மேல, கென்னல் கிளப் ஆஃப் இந்தியா சென்னைல இருக்கு, அவங்க அங்கீகாரம் இல்லாம நாம குடுக்குற கப்பு வெறும் பித்தளைதான்.

என் யோசனை என்னன்னா இப்போதைக்கு பதிவு, கப்பு எதுவும் வேணாம். ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்குவோம். சேலம் ஜில்லாவுல எந்த டால்மேஷன், எங்க வாங்கினது, அப்பன் ஆத்தா யாரு, காது எப்படி, கல்லு வந்துச்சா, எத்தன வயசுல. மறைக்காம. குட்டி வாங்க வர்றவங்க அந்த நோட்ட பாத்துட்டு வாங்கட்டும்.

ராஜபாளையத்து_சிங்கம்

மறைக்காம எழுத யாரு வருவா? என் நாய்ல குறை இருக்குன்னு எழுதினா குட்டி ஒண்ணு கூட போகாது. எங்க சைடுலயும் இதேதான் நடக்குது, செவிட்டு குட்டிய சொல்லாம கை மாத்தி விட்ருவாங்க. நல்லா சொல்றீங்க ஆனா நடக்காது.

குகை_பொண்ணு

நான் எழுதுறேன். டப்பாவ போட்டோ எடுத்து ஒட்டவும் செய்றேன்.

அஸ்தம்பட்டிக்காரன்

நாலு நாளா இங்க வரல, மன்னிக்கணும். வெட் தம்பி சொன்னத செஞ்சு பாத்தேன். மத்தியானம் ஹால்ல ஃபேனுக்குக் கீழ வலது காது தரைல அழுந்தி தூங்கிட்டு இருந்தான். பைக் சாவிய அவன் தலைக்கு மேல ஒரு முழத்துல வெச்சு ஆட்டினேன். அசையல. தூக்கம்னு நெனச்சு இன்னும் ரெண்டு தடவ. அசையல. ராத்திரி பொரண்டு படுத்தப்ப அதே சாவி, ஒரு ஆட்டுதான், டபக்னு எந்திரிச்சு என் கையைப் பாக்குறான், வெளிய கூட்டிட்டுப் போறேன்னு நெனச்சு வால ஆட்டுறான். அடுத்த நாளும் பாத்தேன், அதுக்கு அடுத்த நாளும். ரெண்டரை வருஷமா கூப்புட்டா சுத்தி சுத்தி பாத்துட்டு அப்பறந்தான் வருவான், நாங்க அத வெளையாட்டுன்னு நெனச்சு வீடியோ எடுத்து போட்டிருக்கோம்.

இவனுக்கு அடுத்த மாசம் ஒரு பொண்ணு பாத்து வெச்சிருந்தேன், ஆத்தூர்ல. போன் பண்ணி வேணாம்னுட்டேன். காரணம் கேட்டாரு, சொல்லிட்டேன். பெரா டெஸ்ட் எங்க எடுக்கலாம்னு வெட் தம்பி காலேஜ்ல கேட்டு சொல்லுங்க. கப்பு ஸ்பான்சர் பண்றேன்னவருகிட்ட அந்த காச டெஸ்டுக்கு குடுப்பீங்களான்னு கேட்டிருக்கேன், யோசிச்சு சொல்றேன்னாரு.

நோட்டு நான் வாங்கிட்டேன், 200 பக்கம். மொத பக்கத்துல இது இருக்கு:

1. புள்ளி. ஆண். கருப்பு. வயசு 2½. கல்லு இல்ல இதுவரைக்கும். இடது காது கேக்கல.

கன்னங்குறிச்சி_ஏரிக்கரை

ஞாயித்துக்கெழம சாயங்காலம் நம்ம வீட்டுக்கு வாங்க எல்லாரும். 2-ம் நம்பர் என்னோடது. நானும் சாவி ஆட்டிப் பாத்துட்டு எழுதறேன்.

அஞ்சுரோடு_மாப்ள

நாய் இல்லாதவன் வரலாமா? டீ இருக்குமா?

குகை_பொண்ணு

வாங்கண்ணா. ஈரல் மட்டும் வாங்கிட்டு வந்துராதீங்க.